புது டைவருக்கு எந்த டைவ் கம்ப்யூட்டர் சரி?

கேள்வி இதுதான்: வீடு சென்னையில். ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப டைவ் பயிற்சி முடித்தாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை அந்தமான், நடுவில் புதுச்சேரி அல்லது கோவளம் என்று போவதாகத் திட்டம். தண்ணீருக்கடியில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் கம்ப்யூட்டரில் எதை வாங்கலாம்? ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா போதாதா? டாங்க் அழுத்தத்தையும் காட்டும் மாடலுக்கே போய்விடலாமா?

மணிக்கட்டில் கட்டுவதாக இருக்கட்டும். எண்கள் பெரிதாகத் தெரியவேண்டும், பேட்டரி செல்லை நீங்களே மாற்ற முடியவேண்டும், நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) கணக்கு இருக்கவேண்டும். இந்த நான்கும் இருந்தால் ஆரம்ப விலை மாடலே போதும். கிரெஸ்ஸி லியோனார்டோ, சூன்டோ ஜூப் நோவோ, மேரெஸ் பக் வரிசை எல்லாம் இந்த ரகம்தான். பட்ஜெட் தாராளம் என்றால் ஷியர்வாட்டர் பெரிகிரைன். அதற்கு மேல் செலவு செய்ய உங்களுக்கு இப்போது ஒரு காரணமும் இல்லை.

இந்தக் கருவி உங்கள் ரத்தத்தில் உள்ள நைட்ரஜனை அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. உள்ளே இருப்பது ஓர் அழுத்த சென்சார், ஒரு கடிகாரம், கொஞ்சம் கணக்கு. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை வைத்து, உடம்பின் திசுக்களில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கும் என்று அது ஊகிக்கிறது. 1908-ல் ஹால்டேன் ஐந்து வகைத் திசுக்களை வைத்துத் தொடங்கிய கணக்கு இது. இன்று பரவலாக உள்ள பூல்மன் கணக்கில் 16 வகை. வேகமானது சில நிமிடங்களில் பாதி நிரம்பும், மந்தமானதற்கு 635 நிமிடம் ஆகும். நீங்கள் தண்ணீர் குடிக்காமல் படகில் வெயிலில் காய்ந்தது, முந்தின இரவு தூங்காதது, நீரோட்டத்தை எதிர்த்துக் கால் வலிக்க உதைத்தது, இதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதனால்தான் ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ஒரே டைவில் உங்கள் ஜோடி டைவர் உங்களைவிட 3 மீட்டர் கீழே சுற்றியிருந்தால் அவர் கணக்கே வேறு. வாடகைக் கருவியிலும் இதே சிக்கல். காலையில் வேறு யாரோ கட்டிப்போனதை மத்தியானம் உங்கள் கையில் மாட்டினால் அவருடைய நைட்ரஜனையும் சேர்த்துக் கட்டியதாகிவிடும். இடையில் ரீசெட் செய்திருந்தாலும், காலையில் நீங்களே ஒரு டைவ் போயிருந்தால் அது கணக்கில் வராது. சொந்தமாக ஒன்று வாங்குவதற்கு முதல் நியாயமே இதுதான்.

சரி, திரை. தண்ணீருக்கடியில் நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கே நான்கு: இப்போதைய ஆழம், கீழே இருந்த நேரம், டெகோ (மேலேறும் வழியில் நைட்ரஜன் வெளியேறக் கட்டாயமாக நிற்பது) இல்லாமல் மிச்சமுள்ள நேரம், மேலேறும் வேகம். வங்காள விரிகுடாவில் நம் பக்கம் சில நாள் கண்ணாடி மாதிரி இருக்கும், சில நாள் நாலைந்து மீட்டர் தாண்டி ஒன்றும் தெரியாது. அந்தக் கலங்கலில், மாஸ்க் வழியாக, ஒரே பார்வையில் இந்த நான்கும் பிடிபட வேண்டும். கடையில் ஏசி வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகுதான். உங்கள் மாஸ்க்கையே எடுத்துப்போய் மாட்டிக்கொண்டு, கையை நீட்டி, பேக்லைட் போடாமலும் போட்டும் படித்துப் பாருங்கள். வயது நாற்பதைத் தாண்டி, செல்போனைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறவர் என்றால் இந்த ஒரு சோதனையே முடிவு செய்துவிடும். பெரிகிரைனுக்கு அதிகக் காசு கொடுக்கலாம் என்று சொல்வது அதன் கலர் திரைக்காகத்தான், கணக்குக்காக அல்ல. பட்டன் எத்தனை என்றும் பாருங்கள். லியோனார்டோவில் ஒரே பட்டன். தண்ணீருக்குள் குழப்பமே கிடையாது, ஆனால் கரையில் நைட்ராக்ஸ் சதவீதம் மாற்ற அழுத்தி அழுத்தி விரல் தேயும்.

அடுத்து செல். விளம்பரங்களில் கடைசி வரியில் வரும் விஷயம், சென்னையில் இருக்கிறவருக்கு முதல் வரியில் வர வேண்டியது. கம்பெனிக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டும் என்றால், அந்தமான் டிக்கெட் போட்ட வாரத்தில் பேட்டரி சின்னம் மினுக்கும்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஜூப் நோவோவுக்கு சி.ஆர். 2450, லியோனார்டோவுக்கு சி.ஆர். 2430. முதல் இரண்டு இலக்கம் விட்டம், 24 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு தடிமன்: 50 என்றால் 5 மில்லிமீட்டர், 30 என்றால் 3. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று உட்காராது. தெருமுனைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் சி.ஆர். 2032, அது இவை இரண்டுக்கும் பொருந்தாது. ரிச்சி தெருவுக்குப் போனால் இரண்டும் கிடைக்கும். ஆனால் வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த சரக்கும் அங்கேதான் கிடைக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது லித்தியம் செல் 3.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 3.0-க்குக் கீழே இருந்தால் வேண்டாம்.

மாற்றும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் செல்லால் அல்ல, மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கால். கருவியை நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டுத் திறங்கள். மூடியில் நாணயம் வைத்துத் திருகும் வெட்டு இருந்தால் அளவான நாணயம் போதும், கத்தி முனை வேண்டாம். பழைய செல் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் செல்லை விளிம்பில் பிடித்து வையுங்கள், முகத்தில் விரல் படவேண்டாம். ஓ-ரிங்கைப் பின்னூசியால் குத்தி எடுக்காதீர்கள், ஒரு கீறல் போதும் தண்ணீர் உள்ளே போக. முடி, மணல், தட்டையாகிப்போன இடம் இருக்கிறதா என்று விரலில் உருட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் புதிது போடுங்கள். செல்லும் ஓ-ரிங்கும் ஒரே உறையில் வரும் கிட் வாங்கி வைத்திருப்பது நல்லது. சிலிக்கோன் கிரீஸ் பளபளப்பு தெரிகிற அளவு போதும். அப்பினால் மணலைத்தான் இழுக்கும். வாசலின் தடவாதீர்கள், சில ரப்பரை அது உப்ப வைக்கும். மூடியபின் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, திரைக்கு உள்ளே ஆவி படிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: டைவ் நாட்களுக்கு நடுவில் செல் மாற்றாதீர்கள். சில மாடல்களில் செல்லை எடுத்தவுடன் நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். நீங்கள் கடலையே பார்க்காதவர் மாதிரி அடுத்த டைவுக்குத் தாராளமாக நேரம் காட்டும். பெரிகிரைன் மாதிரி சார்ஜ் செய்யும் கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை. பதிலாக, ஆண்டுகள் போய் உள் பேட்டரி சோர்ந்தால் சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கணக்கு முறை எது நல்லது என்பதில் புதியவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். டைவ் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணைப்படி டெகோ இல்லாமல் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் இருக்கலாம். அட்டவணை முழு நேரமும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரோ நீங்கள் 12 மீட்டருக்கும் 8 மீட்டருக்கும் ஏறி வந்ததையெல்லாம் கணக்கில் சேர்த்து, மிச்ச நேரத்தைக் கூட்டிக் கொடுக்கும். சூன்டோ வகை, முதல் டைவில் மற்றவற்றோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். இடைவெளி குறைவாக இரண்டாவது, மூன்றாவது டைவ் போகும்போது அல்லது மேலும் கீழுமாக ஏறி இறங்கும்போது இறுக்கிப் பிடிக்கும். அந்தமானின் ஹேவ்லாக்கில், இப்போது ஸ்வராஜ் தீவு, ஒரு நாளில் மூன்று டாங்க் போடுகிறவருக்கு இது உறைக்கும்: டிக்ஸன்ஸ் பினாக்கிள் என்ற டைவ் தளத்தில் குழு முழுவதும் இன்னும் கீழே இருக்க, உங்கள் கை மட்டும் மேலே வா என்று பீப் அடிக்கும். புதியவருக்கு அது குறையல்ல. குழுவில் யாருடைய கருவி குறைந்த நேரம் காட்டுகிறதோ, அதைத்தான் எல்லாரும் பின்பற்ற வேண்டும். எச்சரிக்கை அளவை நீங்களே மாற்றலாம்: ஜூப் நோவோவில் பி0 முதல் பி2, லியோனார்டோவில் எஸ்.எஃப்.0 முதல் 2, பெரிகிரைனில் 45/95, 40/85, 35/75 என்று மூன்று நிலை. நடு நிலையில் தொடங்குங்கள். நேரம் போதவில்லை என்பதற்காகத் தளர்த்துவது மட்டும் வேண்டாம்.

டெகோ ஸ்டாப்பைத் தவறவிட்டு மேலே வந்துவிட்டால் சூன்டோ 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும், கணக்குப் போடாது. ஷியர்வாட்டர் பூட்டாது, அந்தப் பொறுப்பை உங்களிடமே விட்டுவிடும். ஆழமும் நேரமும் மட்டும் காட்டி நைட்ரஜன் கணக்குப் போடாத கேஜ் மோடில் தெரியாமல் ஒரு டைவ் போனாலும் பல கருவிகளில் ஒன்றிரண்டு நாள் இதே கதிதான். படகில் பட்டனை நோண்டாமல் இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

நைட்ராக்ஸ் இப்போது தேவையில்லை, நாளை தேவைப்படும், இன்று ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் அது இருக்கிறது. ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் 1.4-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்தால், 32 சதவீத ஆக்ஸிஜனுக்கு ஆழ எல்லை 33 மீட்டர், 36-க்கு 28. கவனிக்க வேண்டியது, டைவ் முடிந்து சில மணி நேரத்தில் சில கருவிகள் தானாக 21-க்கு, அதாவது சாதாரணக் காற்றுக்கு, திரும்பிவிடும் என்பது. ஒவ்வொரு டாங்குக்கும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

டாங்க் அழுத்தம் காட்டும் மாடல் பற்றிக் கேட்டீர்கள். ரெகுலேட்டர் (டாங்கிலிருந்து மூச்சுவிட உதவும் கருவி) சொந்தமாக இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். அழுத்தத்தைக் கருவிக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை, ரெகுலேட்டரில் டாங்கோடு இணையும் பகுதியான முதல் நிலையின் ஹை பிரஷர் துளையில் முறுக்க வேண்டும். வாடகை ரெகுலேட்டரில் ஒவ்வொரு முறையும் ஸ்பேனரோடு யார் நிற்பார்கள்? அந்த டிரான்ஸ்மிட்டர் விலைக்கே ஓர் ஆரம்ப நிலை கம்ப்யூட்டர் வந்துவிடும். அதன் செல் இறந்தாலோ சிக்னல் விட்டாலோ எப்படியும் பழைய முள் கேஜைத்தான் பார்க்கப் போகிறீர்கள். அதைப் பார்க்கும் பழக்கமும் உங்களுக்கு இப்போதுதான் படிய வேண்டும்.

ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா நிஜமாகவே டைவ் கம்ப்யூட்டராக வேலை செய்யும். ஆழமானித் தரமான ஈ.என். 13319 அதற்கு உண்டு, ஓஷானிக் பிளஸ் செயலி பூல்மன் கணக்கைப் போடும், எல்லை 40 மீட்டர். கையில் ஏற்கெனவே இருந்தால் முதல் சில பயணங்களுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். டைவுக்கென்று புதிதாக வாங்குவது வீண். செயலிக்குச் சந்தா கட்ட வேண்டும், நாள் முழுக்கப் போனுக்கும் உழைத்த பேட்டரியை இரவில் மறக்காமல் சார்ஜ் போட வேண்டும். முதுகில் 50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று எழுதிய சாதாரண ஸ்மார்ட் வாட்ச் இதில் சேராது, அது நீச்சல் குளத்துக்குத்தான்.

பழைய கருவி வாங்குவதில் தப்பில்லை. செல் மூடியைத் திறந்து பச்சைப் பூஞ்சை மாதிரித் துரு இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். தரையில் ஆழம் 0 காட்டுகிறதா, பட்டன் ஒவ்வொன்றும் திரும்பி எழும்புகிறதா, திரையில் கறுப்புக் கசிவு உண்டா என்று பாருங்கள். கணினிக்கு இறக்கும் கேபிள் சேர்ந்து வந்தால் லாபம், தனியாக வாங்கினால் விலை குத்தும். டைவ் பதிவுகளை (லாக்) கணினியில் பார்க்க, லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ல் தொடங்கிய சப்சர்ஃபேஸ் மென்பொருள் இலவசம்தான். வெளிநாட்டிலிருந்து யாரையாவது வாங்கி வரச் சொன்னால், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்கச் சரக்கு அடி அளவில் இருக்கும், மீட்டருக்கு மாற்றுங்கள். 60 என்று கண்டு கதிகலங்குவது ஒருபக்கம், 60 அடியை 60 மீட்டராக எழுதிய லாக்புக் இன்னொரு பக்கம்.

கருவி கைக்கு வந்தவுடன் வீட்டிலேயே பிளானரை (எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று முன்கூட்டியே காட்டும் வசதி) ஓட்டிப் பழகுங்கள். கடலில் முதல் தடவை மேலேறும்போது பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று ஜாக்கெட்) இருக்கும் காற்றை வெளியே விட இடது கையைத் தூக்குவீர்கள். கருவி அந்தக் கையில் இருந்தால், கை ஏறிய வேகத்தை உடம்பு ஏறியதாக எடுத்துக்கொண்டு அலறும். பதறாதீர்கள், கையை இறக்கி மறுபடி பாருங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் ஏறுங்கள், 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள்.

கடைசி டைவுக்குப் பின் விமானம் ஏறக் காத்திருக்க வேண்டிய கணக்கு: பல நாள், பல டைவ் போனவருக்கு டைவர் பாதுகாப்பு அமைப்பான டான் (DAN) சொல்வது குறைந்தது 18 மணி நேரம், ஒரே ஒரு டைவ் என்றால் 12. கடைசி டைவ் மாலை 4 மணிக்கு முடிந்தால் மறுநாள் காலை 10-க்கு முன் போர்ட் பிளேரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம், விமானம் ஏறக் கூடாது. பல கருவிகள் 24 மணி நேரம் என்று காட்டும், அதையே கேளுங்கள். நம்மவர்கள் மறப்பது மலையை. ராமேஸ்வரம் பக்கம் டைவ் போட்டுவிட்டு அன்றைக்கே கொடைக்கானல் ஏறினால், அது ஏறக்குறைய 2,100 மீட்டர். அங்குள்ள காற்றழுத்தம், பறக்கும்போது விமானக் கேபினின் அழுத்தம் இறங்கக்கூடிய அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். அதற்கும் இதே காத்திருப்புதான்.

ஊர் திரும்பியதும் கருவியைக் கேன் தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். ஈ.சி.ஆர். பக்கத்து போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான், சென்சார் துளையில் படிந்து காய்ந்துபோகும். மே மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.