போர் போடுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா 1993இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 என்ற டூ ஸ்ட்ரோக் பைக் எங்கள் வீட்டுக் கொட்டகையில் எட்டு ஆண்டுகளாக நிற்கிறது. என்ஜினை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை என்று அப்பா சொல்வார். அவரால் ஓட்ட முடியாமல் போனபோது சாக்குப் போட்டு மூடி வைத்தார். சென்ற ஆண்டு அவர் காலமானார். வண்டியை மறுபடி ஓடவைக்க விரும்புகிறேன். எங்கள் ஊர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இத்தனை வருடம் நின்ற என்ஜினை நம்ப முடியாது, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து போர் போட்டுப் புதுப் பிஸ்டன் இறக்கிவிடலாம், என்ஜினுக்குத் தானாக ஆயில் விடும் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றலாம், சைலன்சரை மாற்றினால் இழுவையும் சத்தமும் கூடும் என்கிறார். நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், விற்றுவிடு என்கிறார் மாமா. நான் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே ஓட்டியவன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச.,

விற்பதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில், அந்த சிலிண்டர் லேத் பட்டறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நின்ற வண்டிக்குப் போர் போடுவது பல பட்டறைகளில் பழகிப்போன வழக்கம். ஆனால் அது திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செலவு செய்யும் வேலை.

ஆர்.எக்ஸ். 100 சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர்; பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமும் 50 மில்லிமீட்டர்; 98 சி.சி. என்ற கணக்கு அதிலிருந்து வருகிறது. சுவர் தேய்ந்தால் அதைக் கடைந்து அகலமாக்கி, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் போடுகிறார்கள். கால், அரை, முக்கால், ஒன்று என்று நான்கு படிகள் உண்டு. நான்காவது படியோடு அந்த வார்ப்பிரும்புச் சுவர் கொடுக்கக்கூடியது தீர்ந்துவிடும். அதன்பின் ஸ்லீவ் எனப்படும் புது இரும்பு உள்ளுறை இறக்க வேண்டும். அதில் போர்ட்டுகள், அதாவது கலவையும் புகையும் போய்வரும் சுவர்த் துளைகள், பழைய உயரத்திலேயே திறக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியின் குணமே மாறிவிடும். அந்தப் பக்குவத்தோடு வேலை செய்யும் கைகள் இன்று குறைவு. 1996இல் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்குக் கம்பெனி சிலிண்டர் கிடைப்பதும் எளிதல்ல. உங்கள் அப்பா சொன்னது சரியென்றால் நான்கு படிகளும் அப்படியே உங்களிடம் இருக்கின்றன. அதை உறுதி செய்வது கடினமல்ல. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனின் தலையில் படிந்திருக்கும் கார்பனை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். போர் போட்ட பிஸ்டனாக இருந்தால் அதன் அளவு அங்கே குத்தப்பட்டிருக்கும்.

எட்டு ஆண்டுகள் நின்றதால் சிலிண்டர் தேய்ந்துவிடாது. ஓடினால்தான் தேய்மானம். நின்றதால் கெடுவன வேறு: பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்கின் இரு பக்கமும் உள்ள ரப்பர் சீல்கள் இறுகியிருக்கும், பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைகளான கார்புரேட்டர் ஜெட்டுகளில் பழைய பெட்ரோல் பிசின்போல் உறைந்திருக்கும், டேங்கின் உள்ளே துரு ஏறியிருக்கும். எனவே எடுத்தவுடன் கிக்கரை உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு மூன்று தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. துரு தட்டுவதுபோல் கரகரத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பார்ப்பதே முறை. என்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்காமலே இந்த வேலையைச் செய்யலாம்.

சீல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபோர் ஸ்ட்ரோக் பழகியவர்களுக்கு இதன் முக்கியத்துவம் எளிதில் பிடிபடுவதில்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் வந்து, அங்கே அழுத்தப்பட்ட பிறகே சிலிண்டருக்கு மேலேறுகிறது. ஆகவே அந்த அறை காற்றுப்புகாமல் இருந்தாக வேண்டும். மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் என்ஜின் இரைந்துகொண்டே நிற்பது அதன் அடையாளம். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை அடர்ந்து வரும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். இந்தப் புகையைப் பார்த்துவிட்டு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது என்று சிலிண்டரைக் கடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபாய்ச் சீலுக்காக ஒரு படி இரும்பை இழந்தார்கள். உங்கள் வண்டியில் இரண்டு சீல்களையும் கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஆயில் பம்ப். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. நான் வாங்கிய ஆர்.எக்ஸ். 100இல் முந்தைய உரிமையாளரின் காலத்திலேயே பம்பை எடுத்துவிட்டிருந்தார்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கோடையில் கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கினேன். எழுபது கொண்டையூசி வளைவுகளிலும் ஆக்சிலேட்டரை மூடியபடி, கியரில் விட்டு, என்ஜினின் பிடிப்பிலேயே வந்தேன். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் போவது மிகக் குறைவு. பெட்ரோல் இல்லையென்றால் அதில் கலந்த ஆயிலும் இல்லை. ஆனால் சக்கரத்தின் வேகத்துக்கு என்ஜின் சுழன்றுகொண்டுதான் இருந்தது. அடிவாரத்துச் சமதளத்தில் ஆக்சிலேட்டரைத் திருகிய சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் இழுபட்டதும் கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். முக்கால் படியில் இருந்த சிலிண்டர் அன்று கடைசிப் படிக்குப் போயிற்று. இனி அதற்குப் படி இல்லை.

யமஹாவின் பம்ப் இந்தச் சிக்கலுக்காகவே வைக்கப்பட்டது. என்ஜின் சுழலும் வேகத்தையும் ஆக்சிலேட்டர் திறந்திருக்கும் அளவையும் சேர்த்துக் கணக்கில் கொண்டு அது ஆயிலைத் தள்ளுகிறது. ஆக்சிலேட்டர் முழுதாக மூடியிருந்தாலும் சுழற்சிக்கு ஏற்றபடி ஒரு குறைந்தபட்ச அளவு போய்க்கொண்டே இருக்கும். பம்ப் கெட்டுப்போகும் என்ற பயத்தில்தான் பலர் அதைக் கழற்றுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் கெடுவது பம்ப் அல்ல. ஆயில் குழாயில் புகுந்த காற்றுக்குமிழியும், அளவு தவறி இழுபட்ட கேபிளும்தான் காரணம். குழாயையும் கேபிளையும் புதிதாகப் போட்டு, பம்பில் உள்ள திருகைத் தளர்த்திக் குமிழி வராமல் ஆயில் மட்டும் வழியும்வரை காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். முதல் டேங்க் முடியும்வரை, பம்ப் வேலை செய்வது கண்ணால் தெரிந்த பிறகும், லிட்டருக்கு 20 மில்லி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துகொள்ளுங்கள். கொஞ்சம் புகையும், பரவாயில்லை. ஆயில் டப்பாவில் ஜப்பானியத் தரநிலையான ஜாசோவின் எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற தரக்குறி இருக்க வேண்டும்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவில் கலவை பெட்ரோல் குறைந்து சற்று வறண்டுதான் எரியும், ஆர்.எக்ஸ். 100 வடிவமைக்கப்பட்டபோது இந்தப் பெட்ரோல் இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை செழிக்கும். பிறகு நன்றாக ஓட்டி நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள்: காபிப் பொடி நிறம் என்றால் சரி, சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் இன்னும் பெட்ரோல் வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், பத்து நாளுக்கு மேல் ஓட்டாமல் நிறுத்தினால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுவது நல்லது.

சைலன்சரை மாற்ற வேண்டாம். அதன் உள்ளே விரிந்து பின் குறுகும் கூம்பு ஒன்று இருக்கிறது. எரிந்த புகையோடு சேர்ந்து வெளியேறப் பார்க்கும் புதிய கலவையை, அந்தக் கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. அந்த அலை திரும்பும் நேரம் குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. வேறு குழாய் போட்டால் சத்தம் கூடும், பெட்ரோல் வீணாகும், ஜெட் அளவும் பொருந்தாமல் போகும். பின்முனையில் சத்தத்தைக் குறைக்கும் உட்குழாயான பேஃபிளைக் கழற்றிக் கார்பனைச் சுரண்டிப் போட்டாலே அப்பா காலத்து இழுவை திரும்பிவிடும். புகைச் சோதனையிலும் இது உதவும். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 9000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 9000 பங்கு) என்பது வரம்பு. டூ ஸ்ட்ரோக் வண்டி காற்றை அதிகம் கெடுக்கிறது என்பது உண்மை. அதை ஓட்டும் நாம் அந்த வரம்புக்கு வெகு கீழே வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள்.

விற்பதைப் பற்றி: காகிதங்களைச் சரிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். 1993 வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். எட்டு ஆண்டுகள் நின்றிருப்பதால் அது காலாவதியாகியிருக்கும். வாரிசு என்ற முறையில் பெயர் மாற்றமும், காப்பீடும், வண்டியைக் காட்டிப் புதுப்பித்தலும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சிலமுறை நடக்க வேண்டியிருக்கும். அது முடிந்து, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் விற்கத் தோன்றினால் விற்கலாம். என் விருப்பம் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே.

சிலிண்டரைக் கழற்ற நேர்ந்தால், லேத்காரரிடம் கடையச் சொல்லாமல் அளக்க மட்டும் சொல்லுங்கள். மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாக ஒன்று, குறுக்காக ஒன்று. பிஸ்டனின் பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதியையும் அளக்க வேண்டும். புதிதில் இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கைந்து பங்கு. நூறில் பத்துப் பங்கைத் தாண்டாதவரை நான் ரிங்கை மட்டுமே மாற்றுவேன். அந்த ஆறு எண்களும் பிஸ்டனின் அளவும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை சிலிண்டரை ஆயில் தடவிய துணியில் சுற்றி வீட்டிலேயே வைத்திருங்கள்.

அன்புடன்