கன்னியாஸ்திரிகள் நடத்தும் பண்ணைகளில் உங்களைக் கவர்ந்த ஒன்றின் வரலாற்றைச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பெத்லகேம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே உள்ள ரெஜினா லாடிஸ் மடத்தின் பண்ணையைத்தான் சொல்வேன். நான் பால் தரப் பரிசோதனை வேலையில் இருப்பவன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த மடத்துச் சகோதரி ஒருவர் சீஸ் பற்றிச் செய்த ஆராய்ச்சி வழியாகத்தான் இந்தப் பண்ணை அறிமுகமாகும், எனக்கும் அப்படித்தான்.

கதை தொடங்குவது பிரான்சில். பாரிஸுக்குக் கிழக்கே ஜுவார் என்ற ஊரில் 7-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு மடம், புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபையைச் சேர்ந்தது. டாக்டருக்குப் படித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர் அன்னை பெனடிக்ட் டஸ். 1910-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்கில் பிறந்தவர், ஆனால் வளர்ந்ததும் படித்ததும் பிரான்சில். ஹிட்லரின் படை பிரான்சைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அமெரிக்கப் பிரஜை என்பதாலேயே அவருக்கு ஆபத்து, மறைந்துதான் வாழ வேண்டியிருந்தது. 1944 ஆகஸ்டில் ஊருக்குள் படை வண்டிகள் வந்தபோது மடத்துக் கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறார், வந்திருப்பது அமெரிக்கப் படை, ஜெனரல் பேட்டனின் படை. அந்த நன்றிக்கடனுக்கு அமெரிக்காவில் ஒரு மடம் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். (பேட்டனின் பேத்தி ஒருவர் பல வருஷம் கழித்து இதே மடத்தில் கன்னியாஸ்திரியாகச் சேர்ந்தார்.)

1946-இல் அன்னை மேரி அலீன் என்ற பிரெஞ்சுச் சகோதரியைக் கூட்டிக்கொண்டு கப்பலில் அமெரிக்கா வந்தார். கையில் பணம் கிடையாது. பெத்லகேமில் லாரன் ஃபோர்ட் என்ற ஓவியர் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். ராபர்ட் லெதர் என்ற தொழிலதிபர் நிலம் கொடுத்தார், அவர் கத்தோலிக்கர்கூட இல்லை. 1947-இல் மடம் தொடங்கியது. இணையத்தில் தேடினால், எல்விஸ் பிரெஸ்லியோடு நடித்த டோலோரஸ் ஹார்ட் சினிமாவை விட்டுவிட்டு 1963-இல் இங்கே சேர்ந்த கதைதான் முதலில் வரும். எனக்கு அதைவிட அங்கிருக்கும் மாடுகள் மேல்தான் ஆர்வம்.

ஆசீர்வாதப்பர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கில், தங்கள் கை உழைப்பால் வாழும்போதுதான் அவர்கள் உண்மையான துறவிகள் என்று ஒரு வரி உண்டு. கூடவே, சேர்ந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று ஒரு வார்த்தைப்பாடும் கொடுப்பார்கள். நம்மூர் கார்மேல் மடம் மாதிரி, வெளியே வராத மடம் இது. பகலில் ஏழு முறை, நள்ளிரவில் ஒரு முறை லத்தீனில் திருப்பாடல்களைப் பாடுவார்கள். நடுவில் இருக்கும் நேரத்தில் நீல டெனிம் துணியில் தைத்த வேலை அங்கியைப் போட்டுக்கொண்டு டிராக்டர் ஓட்டுகிறார்கள், புல் அறுத்துக் காயவைக்கிறார்கள், மாடு கறக்கிறார்கள், செம்மறி ஆட்டு ரோமத்தை நூற்று நெய்கிறார்கள், தேனீ வளர்க்கிறார்கள். நிலம் மெல்ல மெல்லப் பெருகி இன்று 400 ஏக்கருக்கு மேல். டச்சு பெல்டட் என்ற இனத்து மாடுகள், கறுப்பு உடம்பில் வயிற்றைச் சுற்றி வெள்ளைப் பட்டை கட்டினது போல இருக்கும்.

சரி, சீஸுக்கு வருகிறேன். 1970-களில் மிஞ்சும் பாலை என்ன செய்வது என்று சீஸ் செய்யத் தொடங்கிய சகோதரி நோயெல்லா மார்செல்லினோவுக்கு முதலில் சரியாகவே வரவில்லை. 1977-இல் பிரான்சின் ஓவெர்ன் பகுதியிலிருந்து, பரம்பரையாகச் சீஸ் செய்யும் குடும்பத்துப் பெண் ஒருவர் மடத்துக்கு வந்தார். அவர்தான் சென்-நெக்தேர் என்ற அவர்கள் ஊர் வகையைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். கறந்த பால் காய்ச்சாமல் மரப்பீப்பாய்க்குள் போகும், ரென்னெட் என்ற, பாலைத் திரிய வைக்கும் நொதியை விட்டால் திரியும், மரத்துடுப்பால் மெதுவாகக் கட்டியைச் சேர்த்து, அச்சில் அழுத்தி, உப்பிட்டு நிலவறையில் வைத்தால் சாம்பல் நிறப் பூஞ்சை தானாகப் படர்ந்து தோல் கட்டும்.

1985-இல் கலிஃபோர்னியாவில் ஒரு மென்சீஸ் வழியாக லிஸ்டீரியா கிருமி பரவி நிறையப் பேர் இறந்தார்கள். நாடு முழுக்கக் கெடுபிடி. இங்கே வந்த சுகாதார அதிகாரி, மரப்பீப்பாய் கூடாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறுங்கள் என்றார். மாறினார்கள். மாறிய பிறகுதான் சீஸில் ஈ.கோலி என்ற குடல் கிருமி தலைகாட்டியது! நோயெல்லா சண்டைக்குப் போகவில்லை, சோதனை செய்தார். ஒரே பால், ஒரு பங்கு மரப்பீப்பாயில், இன்னொரு பங்கு ஸ்டீலில், இரண்டிலும் வேண்டுமென்றே ஈ.கோலி விட்டுச் சீஸ் செய்து முதிர வைத்தார். ஸ்டீலில் செய்ததில் கிருமி பெருகியிருந்தது, மரத்தில் செய்ததில் அநேகமாக ஒழிந்துபோயிருந்தது. மரத்தின் நுண்துளைகளில் குடியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா பாலில் உடனே வேலையைத் தொடங்கிவிடும், புளிப்பு சீக்கிரம் ஏறும், அந்தப் புளிப்பில் ஈ.கோலி தாக்குப்பிடிக்காது. பழகிய மண்சட்டியில் உறை கொஞ்சம் குறைந்தாலும் தயிர் நன்றாகத் தோய்வதை வீட்டில் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே விஷயம்தான். அதிகாரி ஒப்புக்கொண்டார், பீப்பாய் திரும்ப வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை வைத்துக்கொண்டு பச்சைப்பாலில் எதையும் செய்யலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது அவர்கள் சொந்த மாட்டின் பால், சீஸ் நன்றாக முதிர்ந்த வகை. பச்சைப்பால் சீஸை 60 நாளாவது முதிர வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

அந்தச் சோதனையோடு அவர் நிற்கவில்லை. நிலத்தைத் தெரிந்துதான் நடத்த வேண்டும் என்று மடம் சில சகோதரிகளைக் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியது. அதில் நோயெல்லா எடுத்தது நுண்ணுயிரியல். 1994-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பிரான்ஸ் போய், ஊர் ஊராக நிலவறைகளில் இறங்கி, சீஸ் தோலில் வளரும் ஜியோட்ரிகம் கேண்டிடம் என்ற பூஞ்சையின் மாதிரிகளைச் சேகரித்தார். வெளியே வராத மடத்துக்காரருக்கு இதற்கென்றே அனுமதி கொடுத்திருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். பெயர் ஒன்றுதான் என்றாலும் அந்தப் பூஞ்சைக்குள் எத்தனையோ மரபு வேறுபாடுகள் இருப்பதை அவருடைய ஆய்வு காட்டியது. எல்லோரும் கடையில் விற்கும் ஒரே பூஞ்சைப் பொடியைத் தூவத் தொடங்கினால் அத்தனையும் போய்விடும் என்பது அவர் கவலை. 2003-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அன்னை பெனடிக்ட் டஸ் 2005-இல் காலமானார். பண்ணை நடந்துகொண்டுதான் இருக்கிறது; விவசாயமும் மாட்டு வேலையும் கற்றுக்கொள்ள வெளியிலிருந்து இளைஞர்கள் பயிற்சிக்கு வந்து தங்குகிறார்கள். உங்களுக்குப் பால் தொழிலில் ஆர்வம் இருந்தால் மடத்தைப் பற்றிய செய்திகளைவிட அந்தப் பூஞ்சை ஆய்வை முதலில் தேடிப் படியுங்கள்.