697 இன்ஜின் போட்ட பழைய டாடா லாரி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

வண்டி சில நாள் நின்றது, டேங்கில் டீசல் இருக்கிறது, பேட்டரி மாற்றியாயிற்று என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒருவர் சாவியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் நிற்கட்டும். பத்து விநாடி செல்ஃப் அடித்து, புகை வருகிறதா என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ வந்து கண் எரிந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு வேறு. புகையைப் பார்க்காமலே நாசிலை (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் முனை) கழற்றுவதும் பம்பை (நாசிலுக்கு அழுத்தத்தில் டீசல் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பு) இறக்குவதும்தான் வீண் செலவு.

புகை இல்லையா? முதலில், இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். வண்டி நின்றிருந்த நாட்களில் கேபிள் உள்ளே துருப்பிடித்து, பம்பில் இருக்கும் ஸ்டாப் லீவர் திரும்பாமலே நின்றிருக்கும். அப்படி நின்றால் எவ்வளவு சுற்றினாலும் பம்பு ஒரு சொட்டு டீசல் தள்ளாது. லீவரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் தானே திரும்ப வேண்டும். கேபிளுக்குப் பதில் கரண்டில் இயங்கும் சொலினாய்டு இருக்கும் வண்டியில், சாவி போட்டதும் அதற்கு 24 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஏர், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்று. நின்ற வண்டியில் பெரும்பாலும் இதுதான். டேங்கிலிருந்து பீட் பம்பு (டேங்க் டீசலை உறிஞ்சி இன்ஜெக்ஷன் பம்புக்கு அனுப்பும் சின்னப் பம்பு) வரை உள்ள லைனில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அதனால் அங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். லைன் காய்ந்திருக்கிறதே, லீக் இல்லை என்று பலர் ஏமாறுவது இங்கேதான். தினமும் காலையில் ஹேண்ட் பிரைமர் (டீசலைக் கையால் அடித்து ஏற்றும் பம்பு) அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் இந்தப் பக்கத்து லீக்கையோ பீட் பம்பு வால்வையோ சந்தேகப்படலாம்.

ஏர் எடுக்கும் முறை: ஃபில்டர் தலையில் இருக்கும், காற்றை வெளியே விடும் பிளீட் ஸ்க்ரூவை ஓரிரு சுற்று தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை நிதானமாக அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு நடுநடுவே குமிழி வெடித்து வெடித்து வரும், கடைசியில் குமிழி இல்லாமல் ஒரே கம்பியாக வரும். பிரைமர் அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு ஃபில்டர் இருந்தால் இரண்டிலும் செய்யுங்கள். பிறகு பம்பில் உள்ள ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள். கடைசியாக, ஆறு சிலிண்டரில் ஏதாவது மூன்றின் ஹை பிரஷர் பைப் நட்டை நாசில் பக்கம் அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடியுங்கள். டீசல் விட்டு விட்டுத் தெறிக்க ஆரம்பித்ததும் இறுக்கிவிடலாம். முகத்தையோ கையையோ அதன் எதிரே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். பதினைந்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

குமிழி நிற்கவே இல்லையென்றால் டேங்க் பக்கம் லீக் இருக்கிறது. இதற்கு அருமையான சோதனை ஒன்று உண்டு. சுத்தமான டீசல் ஐந்து லிட்டர் கேனில் எடுத்து, பீட் பம்பை விட உயரத்தில் கட்டி, ஒரு ஓஸ் வழியாக நேராக பீட் பம்பு இன்லெட்டுக்குக் கொடுங்கள். ஏர் எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகி நின்று ஓடுகிறதா? அப்படியானால் குற்றம் டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையில்: பாஞ்சோ போல்ட்டின் (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், வெடித்த ரப்பர் ஓஸ், அடைத்த ஸ்ட்ரெய்னர், மூச்சு விடாத டேங்க் மூடி. செம்பு வாஷரைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றாதீர்கள், புதுசு போடுங்கள்.

கேன் வைத்தும் வரவில்லையா? பீட் பம்பு அவுட்லெட் பைப்பைக் கழற்றி செல்ஃப் அடியுங்கள். பிரைமரில் டீசல் வந்து, செல்ஃபில் வராவிட்டால் உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சர் சிக்கியிருக்கும். இரண்டிலும் சரியாக வராவிட்டால் வால்வில் தூசி உட்கார்ந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கும். பீட் பம்பு நன்றாகத் தள்ளியும் பம்புக்குள் பிரஷர் நிற்காவிட்டால் ஓவர்ஃப்ளோ வால்வைப் பாருங்கள். அதன் ஸ்பிரிங் உடைந்தால் டீசல் எல்லாம் ரிட்டர்னில் டேங்குக்கே திரும்பிவிடும். ரிட்டர்ன் ரப்பர் ஓஸைக் கொஞ்ச நேரம் நசுக்கிப் பிடித்து செல்ஃப் அடித்தால் தெரிந்துவிடும்.

இனி, வெள்ளைப் புகை வரும் வண்டி. சுற்றும் வேகம்தான் முதல் சந்தேகம். பேட்டரி புதுசு என்பது மட்டும் போதாது. செல்ஃப் அடிக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்த வோல்ட் 19-க்குக் கீழே போகக்கூடாது. பேட்டரியில் வோல்ட் நின்றும் மெதுவாகச் சுற்றினால் லக் (கேபிள் முனையில் உள்ள மாட்டி), எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திய சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது.

பிறகு டீசலில் தண்ணீர். ஃபில்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். இருந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றி என்ன பயன்? டேங்கையும் கழுவ வேண்டும்.

இவை சரியென்றால் டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி) பாருங்கள். கிளியரன்ஸ் இல்லாமல் வால்வு முழுதாக மூடாவிட்டால் கம்ப்ரஷன் கசியும். அதற்கும் பிறகுதான் நாசில், கம்ப்ரஷன் டெஸ்ட். சமீபத்தில் யாராவது பம்பை இறக்கி ஏற்றியிருந்தால் டைமிங்கை (பம்பு டீசல் தள்ளும் நேரம்) முதலிலேயே பாருங்கள். முதல் சிலிண்டர் பிஸ்டன் மேலே வந்தாலும் அது கம்ப்ரஷனா எக்ஸாஸ்ட்டா என்று பார்க்காமல் பம்பை மாட்டினால் பம்பு அரைச் சுற்றுத் தள்ளி நிற்கும். ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு ராக்கரிலும் ஆட்டம் இருந்தால் அது கம்ப்ரஷன். பைப் மாற்றி மாட்டியிருந்தாலும் இதே கதிதான். ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4.

ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி வைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி நேரங்கெட்ட நேரத்தில் பற்றி ரிங்கை உடைக்கும், பிஸ்டனையும் கெடுக்கும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

எல்லாம் பார்த்தும் டீசல் நாசிலுக்கு வரவில்லையென்றால், பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, செல்ஃப் அடிக்கும்போது பிளஞ்சர்கள் ஏறி இறங்குகின்றனவா, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் கையால் தள்ளினால் நகர்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகுந்து நின்ற பம்பில் ராக் இறுகிவிடும். அப்போது பம்பு ரூமுக்குத்தான் (டீசல் பம்பு சரிசெய்யும் பட்டறை) போக வேண்டும். இறக்குவதற்கு முன் ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் நிறுத்தி, பம்பு ஃபிளாஞ்சிலும் இன்ஜினிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பைப் வாயையும் சுத்தமான மூடியால் அடைத்து வையுங்கள்.