ஒரே மட்டையில் எத்தனை அடி?

கேள்வி: கோல்ஃப் கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. 7-ஆம் எண் அயர்ன் என்ற இரும்புத் தலை மட்டையைத் தவிர வேறு எதையும் பயிற்சியாளர் தொட விடுவதில்லை. பையில் 14 மட்டை வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது, அப்புறம் எதற்கு இந்தக் கெடுபிடி?

பதில்: 14-க்கு மேல் கூடாது என்றுதான் விதி சொல்கிறது, பையை நிரப்பியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. நான் உங்கள் பயிற்சியாளர் கட்சி. அயர்னில் எண் ஏற ஏற பந்தில் படும் முகத்தின் சாய்வு கூடும், தண்டு குட்டையாகும், பந்து உயர எழும்பிச் சீக்கிரம் இறங்கும். 7 நடுவில் இருப்பதால் 4-ஐப் போல மிரட்டாது, அதே சமயம் உங்கள் வீச்சில் இருக்கும் கோளாறையும் மறைக்காது.

முழு வீச்சு ஓரளவு பிடிபட்டுவிட்டதா? சரி, அதே மட்டையோடு கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஓரத்துக்கு வாருங்கள். பந்து கிரீனுக்கு இரண்டு எட்டு நடை தூரம் வெளியே கிடக்கிறது, குழியோ அந்தக் கோடியில். பலரும் இங்கே பந்தை உயரத் தூக்கும் அதிகச் சாய்வு மட்டையான சாண்ட் வெட்ஜைத்தான் உருவுவார்கள், கொஞ்சம் பிசகினாலும் பந்து கிரீனைத் தாண்டி அந்தப் பக்கப் புல்லில் போய் உட்காரும். நீங்கள் 7-ஐ எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, பந்தை வலது காலுக்கு நேராக வைத்து (இடக்கைக்காரர்கள் மாற்றிப் படிக்கவும்), எடையை இடது காலில் போட்டு, மணிக்கட்டை மடக்காமல் பட்டரில் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) தட்டுவது மாதிரியே தட்டுங்கள். இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 12-இலிருந்து மட்டையின் எண்ணைக் கழித்தால் 5, அதாவது பந்து ஒரு பங்கு பறக்கும், ஐந்து பங்கு உருளும். குழி 18 எட்டில் இருந்தால் பந்து 3 எட்டில் விழ வேண்டும், மீதி 15 எட்டை அதுவே உருண்டு கடந்துவிடும். சமமான கிரீனுக்குத்தான் இது பொருந்தும், மேடு பள்ளம் இருந்தால் உங்கள் கண்தான் கணக்கு.

மரத்தடியில் மாட்டிக்கொண்டாலும் இதுவே கைகொடுக்கும். பந்தைப் பின்னால் வைத்து, கைகளைப் பந்துக்கு முன்னால் கொண்டுவந்து, அடித்த பிறகு மட்டையை இடுப்போடு நிறுத்திவிட்டால் பந்து கிளைக்குக் கீழேயே தாழப் பறந்து வெளியே வந்துவிடும்.

கிரீன் பக்கத்து மணல் பள்ளமான பங்கரில் மட்டும் இதை நம்பாதீர்கள். நான் ஒருமுறை வீறாப்பாக முயன்று மூன்று வீச்சு வீணாக்கி, கடைசியில் வெட்ஜிடமே சரணடைந்தேன்.

கேள்வி: நண்பரும் நானும் அடிப்பது 7-தான். அவர் பந்து மட்டும் 20 யார்டு கூடுதலாகப் போகிறதே?

பதில்: எண் ஒன்றாக இருந்தாலும் சாய்வு ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முன்பெல்லாம் 7 என்றால் சுமார் 35 பாகை சாய்வு. இப்போது வரும் பல செட்களில் அது 30-க்கும் கீழே, அதாவது பழைய 5-க்குப் பக்கத்தில். அவர் மட்டையின் சாய்வை முதலில் பாருங்கள், பொறாமையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நிலாவில் கோல்ஃப் அடித்தது 7-ஆம் எண் அயர்னில்தானே?

பதில்: இல்லை, 6. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இல் போன ஆலன் ஷெப்பர்ட், மண் மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் 6-ஆம் எண் அயர்னின் தலையை மாட்டி அடித்தார், விண்வெளி உடையின் விறைப்பில் இரண்டு கையாலும் பிடிக்க முடியாமல் ஒற்றைக் கையால். முதல் வீச்சில் பந்தைவிட மண்தான் அதிகம் கிளம்பியது. அங்கே போயும் அதே கதைதான்!