பூசையை விடுங்கள், சனிக்கிழமை இரவைப் பற்றிக் கேளுங்கள்

தம்பி, "இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. மகனுக்கு 13 ஆகப்போகிறது. ஆண்கள் மட்டும் படிக்கும் கத்தோலிக்க போர்டிங் பள்ளியில் சேர்க்கலாமா? நாங்கள் இந்துக்கள், மதம் மாற்றிவிடுவார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். என் மகன் 2009இல் அப்படியொரு பள்ளியில்தான் இயர் 9 (நம் ஒன்பதாம் வகுப்பு மாதிரி, 13 வயதில்) சேர்ந்தான். நாங்களும் இந்துக்கள்தான்.

மதம் பற்றிய பயம் எனக்கும் இருந்தது. ஞாயிறு பூசைக்கு, அதாவது சர்ச் வழிபாட்டுக்கு, அன்று பள்ளியில் தங்கியிருக்கும் எல்லாப் பையன்களும் போக வேண்டும். அப்பம் கொடுக்கும் நற்கருணை நேரத்தில் மற்ற மதத்துப் பிள்ளைகள் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போய் நின்றால், பாதிரியார் ஆசீர்வாதம் மட்டும் கொடுத்து அனுப்புவார். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் சமயக் கல்வி பெரும்பாலும் கட்டாயப் பாடம். அவ்வளவுதான். என் மகன் முன்பு போலவே இன்றும் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் சாமி கும்பிடுகிறான்.

எங்களைப் படுத்தியது வேறு. வார நாட்களில் மட்டும் தங்கும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அறுபது பேர் இருந்த ஹவுஸில் (பிள்ளைகள் தங்கும் விடுதிக் கட்டடம்) சனி இரவு இவனையும் சேர்த்து ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் ஒரே நாட்டுப் பையன்கள், அவர்களுக்குள் அவர்கள் மொழி. போனில் நான் என்ன கேட்டாலும் "ம்". சாப்பிட்டாயா? ம். தூங்கினாயா? ம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோதுதான் அழுதான். வார நாட்களில் குறை சொல்ல முடியாது. வகுப்பு, ரக்பி, ராத்திரி 'ப்ரெப்' என்று மேஜையில் உட்கார வைத்துப் படிக்க விடுவது, எல்லாம் ஒழுங்கு.

இதில் ஒரு வேடிக்கை. பிள்ளைகளின் துணிமணி, உடல்நலம் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் சொன்னபடி ஒவ்வொரு காலுறையிலும் பெயர்ப்பட்டி தைத்துக் கொடுத்தோம். நம்மில் அப்பா பெயர்தானே சர்நேம்! அங்கே பையன்களைச் சர்நேம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் மேட்ச் பார்க்கப் போனேன், பந்தைத் தவறவிட்டதற்காக மைதானம் முழுக்க என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்கள் மட்டும் என்பது இப்போது அரிது. கத்தோலிக்கக் குருவான நியூமன் 1859இல் பையன்களுக்காகத் தொடங்கிய ஓரட்டரி பள்ளியே 2020இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தங்கும் ஹவுஸ் தனித்தனிதான், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேர்ப்பதானால் இயர் 9. ஜிசிஎஸ்இ பாடத்திட்டத்தின் நடுவில், இயர் 11இல், கொண்டுபோய்ச் சேர்த்தால் பிள்ளை திணறிப்போவான். சொல்லும் கட்டணத்தில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. சிறார் பாலியல் கொடுமை குறித்த விசாரணைக் குழு 2018இல் பெனடிக்டின் என்னும் கத்தோலிக்கத் துறவிகள் சபையோடு சேர்ந்த இரண்டு பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை மோசமானது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் அதன் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.

ஓபன் டே-க்கு மட்டும் போய்விட்டு வராதீர்கள், அன்று எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் வரலாமா என்று கேளுங்கள். ஹவுஸுக்குப் பொறுப்பான ஆசிரியரான ஹவுஸ்மாஸ்டரிடம், "இன்று ராத்திரி இங்கே எத்தனை பேர் தங்குகிறார்கள், அதில் என் மகன் வயதுப் பையன்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகும் 'எக்ஸியட்' வார இறுதிகளில் பல பள்ளிகளில் ஹவுஸையே பூட்டிவிடுவார்கள், பையனை அழைத்துப்போக யாராவது வந்தே ஆக வேண்டும். அந்தத் தேதிகளை இப்போதே வாங்கி, உங்கள் இருவரின் ஷிஃப்ட் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள்.