தாத்தாவின் பி.எஸ்.ஏ. (கடிதம்)

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் எங்கள் தாத்தா ராணுவ ஏலத்தில் எடுத்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் இருபது வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. எஞ்சின் எண் ‘டபிள்யூ.எம். 20’ என்று தொடங்குகிறது. டேங்க் கறுப்பு, ஓரத்தில் தாத்தா போடச் சொன்ன மஞ்சள் கோடு. ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்தது போலவே ஆக்க ஆசை. பட்டறையில் எல்லாவற்றுக்கும் குரோம் பூசி, டேங்குக்கு பவுடர் கோட்டிங் கொடுத்து, பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னெட்டோவை எடுத்துவிட்டு பேட்டரியும் காயிலும் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரு வாசகன், திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

கொடுக்காதீர்கள். உங்கள் ஆசை ஒன்று, அவர்கள் செய்யப்போவது வேறொன்று.

உங்களிடம் இருப்பது இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத் ஆலையில் செய்த எம். 20 மாடல். யுத்தத்துக்காக மட்டும் சுமார் 1,26,000 வண்டிகள் செய்தார்கள். 1940 நவம்பரில் குண்டு விழுந்து அந்த ஆலையிலேயே தொழிலாளர்கள் செத்தார்கள். அதன் பிறகும் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. 496 சி.சி., சைடு வால்வு எஞ்சின், 13 குதிரைத் திறன். வேகம் கிடையாது, ஆனால் மணலிலும் சேற்றிலும் தபால் சுமந்துபோகும் வண்டி. அதில் குரோம் பளபளப்புக்கு இடமே இல்லை. வெயிலில் மின்னினால் எதிரி கண்ணில் படும். 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பர் தட்டுப்பாடு வந்தது. நம் ஆட்கள் பால் வெட்டிய தோட்டங்களின் ரப்பர்தான் அது. ஹேண்டில் பிடிக்கு ரப்பருக்குப் பதில் கித்தான் துணி சுற்றி அனுப்பினார்கள். உங்கள் வண்டியில் அந்தக் கித்தான் ஒரு துண்டு மிஞ்சியிருந்தாலும் பிய்த்துப் போட்டுவிடாதீர்கள். அதுதான் ஃபேக்டரி.

பெயின்ட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் எம். 20-இன் டேங்கை ஒரு பட்டறையில் கொடுத்தேன். மணல் அடித்து வெள்ளி மாதிரி ஆக்கி, பவுடர் பூசி, இரண்டே நாளில் திருப்பித் தந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. பத்து வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் நண்பர் ஒருவரின் டேங்க் வந்தபோது அவசரப்படவில்லை. நைஸ் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர், உள்ளங்கை அளவு இடம். முதலில் கறுப்பு கரைந்தது, அதன் கீழே ஏதோ நீலம், அதற்கும் கீழே மங்கலான காக்கிப் பச்சை. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பச்சையின் மேல் வெள்ளையாக ஒரு வளைவு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தோம். ‘சி’ என்ற ஆங்கில எழுத்து. பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் எண்கள் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கும். நண்பர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எஞ்சின் வேலைக்கு வருவோம். இந்த வண்டியின் நட்டுகளுக்கு நம் மில்லிமீட்டர் ஸ்பேனர் ஆகாது. இதற்குப் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும். அதில் பொறித்திருப்பது போல்ட் தண்டின் அளவு, நட்டின் அகலம் அல்ல. கால் இன்ச் என்று போட்ட ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. இருக்கும். 13 உள்ளே போகாது, 14 போட்டால் வழுக்கி மூலைகளைத் தின்றுவிடும். மரையும் வேறு. பல இடங்களில் ஒரு இன்ச்சுக்கு 26 மரை. அங்கே மில்லிமீட்டர் போல்ட்டை இறுக்கித் திணித்தால் அலுமினியம் பிய்ந்து வரும். முதல் செலவாக ஒரு செட் விட்வொர்த் ஸ்பேனர் வாங்குங்கள்.

மேக்னெட்டோவை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் தெரியும். காலையில் கிக்கரை ஒரு மிதி மிதித்தால் கிளம்பும். பத்து கிலோமீட்டர் போய் டீ குடிக்க நிறுத்தினால், ஆறும்வரை கிளம்பாது. லூகாஸ் மேக்னெட்டோவின் சுருளில் அந்தக் காலத்தில் பூசியது அரக்கு. சூட்டில் அது இளகிவிடும், உள்ளேயிருக்கும் கன்டென்சரும் கசியும். சுருளைப் புதிதாகச் சுற்றி, கன்டென்சரை மாற்றினால் போதும், வெளிக்கூடு அப்படியே இருக்கட்டும். உள்ளே புதுசு போடுவதை நான் குறையாகவே நினைக்கவில்லை. ஓடினால்தானே அது வண்டி.

எண்களில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ராணுவப் பட்டறைகளில் எஞ்சின்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள், அதுவும் வண்டியின் சரித்திரம்தான். ‘எண்ணைச் சரியாக வெட்டித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசையில் தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அதற்கும் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், எஞ்சினிலும் சேஸிஸிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

சரி, கறுப்பா, காக்கியா? ஃபேக்டரி நிறம் காக்கிதான். ஆனால் உங்கள் தாத்தா அதைக் கறுப்பாக்கி மஞ்சள் கோடு போட்ட அன்றைக்கு அது பட்டாளத்து வண்டியாக இருப்பதை விட்டு உங்கள் வீட்டு வண்டியானது. அந்தக் கோடு இன்னும் தெரிகிறதென்றால் நான் அதைத் தொடமாட்டேன். டேங்கின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில் உள்ளங்கை அளவு மட்டும் தேய்த்துப் பாருங்கள். காக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஹேண்டில் கழுத்துக்குக் கீழே இடப்புறம் ஃபிரேம் எண் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள். இங்கிலாந்தின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் பி.எஸ்.ஏ. ஆலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. என்றைக்கு அனுப்பிய வண்டி என்று எழுதிக் கேட்போம்.