ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுவார்த்தைக்குப் போகாதீர்கள்

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவன். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மேஸ்திரியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கி, நானும் மனைவியும் வேறு மாவட்டத்துக்குக் கரும்பு வெட்டப் போனோம். எழுதாத புரோநோட்டில் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். ரேஷன் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் சொல்லும் கடையில்தான் மளிகை வாங்க வேண்டும். கிலோவுக்குப் பத்து, பதினைந்து ரூபாய் கூடுதல் விலை, அதுவும் கூலியில் பிடித்தம். காய்கறி, பால் எல்லாம் கண்ணில் பட்டதே இல்லை. மூன்று வயது மகளுக்கு ரத்தசோகை வந்துவிட்டது. சாதியைச் சொல்லித் திட்டுவார். பொங்கலுக்குக்கூட மனைவியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு நான் மட்டும்தான் ஊருக்கு வர முடிந்தது. போன மாதம் மகளை மருத்துவமனையில் சேர்த்தபோது அப்படியே குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டோம். இப்போது பாக்கி 84,000 என்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பேசி, 50,000 ரூபாய்க்குத் தவணை எழுதி முடித்துவிடலாம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? கடையில் பிடித்த பணத்துக்கு வழக்குப் போட முடியுமா? என் தம்பியும் அவரிடம் 20,000 வாங்கினான். ஆனால் வேலைக்கே போகவில்லை. அவன் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதம் ஏழு பக்கம். அதில் ஐந்து பக்கம் அரிசி, பருப்பு விலை. 2011 முதல் ரேஷன் கடையில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசியை நீங்கள் காசு கொடுத்து வாங்கித் தின்றீர்கள் என்பது வயிற்றெரிச்சல்தான். ஆனால் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் என்று கணக்குப் போட்டு அந்தக் கடைக்காரர் மீது வழக்குத் தொடுத்தால், வழக்குச் செலவே அந்தப் பணத்தைத் தாண்டிவிடும். அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

வழக்கைத் தீர்மானிக்கும் ஒரே வரி ஆறாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியதுபோல இருக்கிறது. "மனைவியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு நான் மட்டும்தான் வர முடிந்தது." 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்துக்கு இந்த ஒரு வரி போதும். முன்பணம் வாங்கியிருக்க வேண்டும். அதன் காரணமாகக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வேறு வேலைக்குப் போகும் உரிமை பறிபோயிருக்க வேண்டும், அல்லது நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை பறிபோயிருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. முன்பணத்தோடு இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே அது கொத்தடிமை முறை. கால் விலங்கும் பூட்டிய அறையும் தேவையில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைப்பதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், சொல்லிவிட்டது.

கொத்தடிமைக் கடன் என்றால் அதைத் திருப்பித் தரும் பொறுப்பு சட்டப்படி அற்றுப்போகிறது. 84,000மும் இல்லை, 50,000மும் இல்லை, வாங்கிய 60,000மும் இல்லை. அதை வசூலிக்க சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் தலையில் இருக்கிறது. அப்படி அற்றுப்போன கடனுக்குப் பணம் வாங்குவதே குற்றம், மூன்றாண்டு வரை சிறை. அதற்குத் துணை நிற்பவருக்கும் அதே தண்டனை. உங்கள் ஊர்ப் பெரியவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரியப்படுத்துங்கள், ஞாயிற்றுக்கிழமை அவருக்கே வேறு வேலை வந்துவிடும்.

கொத்தடிமை முறையிலிருந்து விடுவித்து, கடனும் அற்றுப்போனது என்று விடுவிப்புச் சான்றிதழ் தரக் கேட்டு மனு எழுதுவது, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குவது, வேலை செய்த ஊரின் கோட்டாட்சியருக்கு ஒரு பிரதி அனுப்புவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை விளக்கி இடத்தை வீணாக்கப் போவதில்லை. என்னிடம் வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தவணைப் பத்திரம். பேச்சுவார்த்தையில் எழுதப்படும் தாளில் கரும்பு இருக்காது, கொட்டகை இருக்காது, கூலி இருக்காது. "குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாக வாங்கிய ரூபாய் ஐம்பதாயிரம்" என்று மட்டும் இருக்கும். தேதி அன்றைய தேதி. இரண்டு சாட்சிக் கையெழுத்து. பழைய புரோநோட்டைக் கிழித்துப் போட்டதாகக் காட்டுவார்கள், நீங்களும் நிம்மதியாக வீடு திரும்புவீர்கள். ஆனால் ஓட்டை நிறைந்த பழைய கடனைக் கொடுத்துவிட்டு, ஓட்டையில்லாத புதுக் கடனை வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். ஒரு குடும்பம் இப்படிக் கையெழுத்துப் போட்டு முதல் தவணையாக 5,000 ரூபாயும் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தது. விசாரணையில் அந்த ரசீதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் நீட்டியது. "சுதந்திரமாகப் பேசி முடித்துக்கொண்டவர்கள் எப்படிக் கொத்தடிமை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஒன்றரை ஆண்டு போயிற்று. நீங்கள் மட்டுமல்ல, உங்கள் மாமனாரோ அண்ணனோ உங்களுக்காகப் போய்க் கையெழுத்துப் போடவும் கூடாது.

அடுத்தது ரேஷன் கார்டு. கார்டு இல்லாமல் தவிப்பதால் நகல் அட்டைக்கு விண்ணப்பிக்கத் தோன்றும். அங்கே காரணம் கேட்பார்கள். யாராவது "தொலைந்துவிட்டது என்று போடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்" என்பார்கள். போட்டுவிடாதீர்கள். கார்டு மேஸ்திரியின் கையில் அடமானமாக இருக்கிறது என்பது உங்கள் வழக்கின் பலமான சான்று. தொலைந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அந்தச் சான்றை உங்கள் கையாலேயே கொளுத்தியதாகிவிடும். "இன்னார் வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்" என்று வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுதுங்கள். தாமதமானாலும் பரவாயில்லை. உங்கள் அட்டையில் இரண்டு ஆண்டுகளாகப் பொருள் வாங்கப்படவில்லை என்றால், அது துறையின் கணக்கிலேயே பதிவாகியிருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் புலம்பிய அந்த ஐந்து பக்கத்துக்கும் இப்படித்தான் பயன் உண்டு: இழப்பீடு கேட்க அல்ல, நீங்கள் அவர் பிடியில் இருந்தீர்கள் என்று காட்ட. மகளின் மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் அங்கிருந்து கிளம்பி வந்த தேதிக்காக.

விசாரணையில் இன்னொரு பள்ளம். கோட்டாட்சியர் கேட்பார்: "நீங்களாகத்தானே போனீர்கள்?" நம் மக்கள் மரியாதைக்கு "ஆமாம் ஐயா" என்பார்கள். அது பதிவாகும். முன்பணம் வாங்கியது உண்மை, அதற்காகத்தான் போனோம், பிறகு போக விடவில்லை என்று நடந்ததை நடந்தபடி மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். அடித்தார் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். கடிதத்தில் அடி எதுவும் இல்லை. நேரில் வந்தால் மட்டும் எப்படி வரும்? ஒரு பொய் போதும், மனைவி சொல்லும் உண்மையும் சேர்ந்து கவிழ்ந்துவிடும். "நீங்கள்தான் வெளியே வந்துவிட்டீர்களே, யாரை விடுவிப்பது?" என்றும் கேட்கலாம். ஆள் வெளியே வந்தாலும் கடன் இன்னும் துரத்துகிறது, விடுவிப்புச் சான்றிதழ் அதற்காகத்தான் என்று சொல்லுங்கள். நிறுத்தி வைக்கப்பட்டவர் உங்கள் மனைவி என்பதால் அவர் பெயரில் தனிச் சான்றிதழ் கேளுங்கள். கணவன் பெயரில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்களே அதிகம். மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்களுக்கான அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கு இரண்டு லட்சம். ஆனால் அந்தத் தொகையை நம்பிப் புதுக் கடன் வாங்காதீர்கள். உடனடி உதவியாக 30,000 வரை கிடைக்கும். மீதி குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.

திட்டியதைப் பற்றி: நீங்கள் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொத்தடிமையாக வைப்பதே தனிக் குற்றம். வசவைவிட அது வலுவானது. மனுவில் அதை முன்னால் வையுங்கள், சாதிச் சான்றிதழை இணையுங்கள்.

மேஸ்திரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் நீங்களாகப் பதில் எழுதாதீர்கள். "சிறிது அவகாசம் கொடுங்கள்" என்ற ஒரு வரி கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார்.

உங்கள் தம்பியின் கதை வேறு. பணம் வாங்கினார், வேலைக்குப் போகவில்லை, யாரும் பிடித்து வைக்கவில்லை, ஊரில் இஷ்டப்படி வேறு வேலை பார்க்கிறார். அது வெறும் கடன். உங்கள் மனுவில் அவரையும் சேர்த்தால், மேஸ்திரியின் வக்கீல் அவரைத்தான் முதலில் கூண்டில் ஏற்றி உங்கள் வழக்கையும் சேர்த்துச் சிரிக்க வைப்பார். தம்பி சமரசம் செய்துகொள்வதுதான் நல்லது. வட்டியைப் பேசிக் குறைத்து, அசலை இரண்டு தவணையில், முடிந்தால் வங்கிக் கணக்கு மூலமாகக் கட்டட்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும்போது புரோநோட்டைக் கையில் வாங்க வேண்டும்: கிழித்துவிட்டோம் என்ற வாய்வார்த்தை வேண்டாம், முழு நோட்டு, அதன் பின்புறம் "வரவாகி முடிந்தது" என்று மேஸ்திரியின் கையெழுத்தோடு.